கட்டைக்கு ஐந்தடி போதும்

மகனே,

நீ இதைப் படிக்கும்போது எனக்கு இப்போதிருக்கும் வயது உனக்கு வந்திருக்கும். மீசை முளைத்ததும் கொடுத்துவிடாதே, கல்யாணப் பேச்சு எடுக்கும்போது கொடு என்று உன் அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அதனால் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசப் போவதில்லை. இன்றைக்கு நீ பல் முளைக்காத பயல். நாகப்பட்டினம் போகும் கப்பலில் உன் அம்மாவின் மடியில் கிடக்கிறாய். பக்கத்தில் உன் தாத்தா, உன் அம்மாவைப் பெற்றவர், பிறந்த ஊரின் பேரைத் தவிர அங்கே எதுவும் தெரியாத மனுஷன், கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நான் கோலா சிலாங்கூரில், ஆற்றைப் பார்த்த வாடகை அறையில், வேலை இல்லாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அடுத்த கப்பல் தபாலில் உங்கள் பின்னாலேயே வரும்.

உன் தாத்தாவை ஏன் மலாயாவிலிருந்து அனுப்பினார்கள் என்று ஊரில் கேட்பார்கள். கம்யூனிஸ்டுக்காரன் என்று ஒருவன் சொல்வான். திருடன் என்று இன்னொருவன் சொல்வான். இரண்டும் இல்லை. காரணம் ஒரு மரக்கட்டை, அதன்மேல் கிடந்த மண். அதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான். நான் சரியாகச் சொன்னேன். அதனால்தான் அவர் போனார்.

நான் யார் என்று முதலில் தெரிந்துகொள். கோலாலம்பூரில் தொழில்நுட்பம் படித்துவிட்டு, கோலா சிலாங்கூர் மராமத்து ஆபீசில் படம் வரைபவனாகவும் வேலையை மேற்பார்வை பார்ப்பவனாகவும் சேர்ந்தவன். வாய் நீளம் என்று பேர் வாங்கியவன். உன் தாத்தா ஆற்றுக்கு வடக்கே ஒரு ரப்பர் எஸ்டேட்டில் மண்டோர். வெளிக்காட்டு வேலைக்காரர்களை வைத்துக் குழி வெட்டுவதும் கன்று நடுவதும் அவர் பொறுப்பு. எங்கள் கல்யாணத்துக்கு அவர் குடியிருந்த லயத்து வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டார். மஞ்சள் தடவி, பால் ஊற்றி, எல்லாம் முறையாக. மாப்பிள்ளைக் கோலத்தில் போன நான் அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். "ஒரு அடிகூட இறங்கலையே மாமா, சாஞ்சுடும்" என்றேன். பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டார்கள், என்ன அபசகுனம் இது என்று. உன் தாத்தா மட்டும் சிரித்தார். "மூணு நாளைக்குத்தானே மாப்ளே, அதுவரைக்கும் நீ ஆட்டாம இருந்தா நிக்கும்." உன் அம்மாவுக்கு அன்று வந்த கோபம் மறுவீடு வரை தீரவில்லை. நான் சொன்னதில் என்ன தப்பு என்று அன்று எனக்குப் புரியவில்லை. ஒரு அடி ஒரு அடிதானே.

இப்போது கோபுரத்துக்கு வருகிறேன். காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளை ஒடுக்க எமர்ஜென்சி வந்ததும் எஸ்டேட்டில் சிதறிக் கிடந்த லயங்களைக் காலி செய்து, எல்லாரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து, சுற்றிலும் முள்கம்பி கட்டினார்கள். உள்ளிருந்து அரிசி வெளியே போகக் கூடாது, வெளியிலிருந்து ஆள் உள்ளே வரக் கூடாது. வாசலருகே காவலுக்கு மரத்தில் ஒரு கோபுரம் வேண்டும் என்றார்கள். அதை வரையும் வேலை என்னிடம் வந்தது. இந்தக் கரையோர மண்ணைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேலே ஆறடி வரை வெயிலில் காய்ந்து இறுகிய களி. அதற்குக் கீழே கஞ்சி. கம்பியைக் குத்தினால் தானாகவே இறங்கும். என் மேலதிகாரி வெள்ளைக்காரர், மலைநாட்டில் வேலை பார்த்தவர். கோபுரத்தின் நான்கு கால்களையும் எட்டடி இறக்கு, ஆழம் இருந்தால்தான் பலம் என்றார். நான் முடியாது என்றேன். எட்டடி இறக்கினால் இறுகிய மண்ணைத் தாண்டிக் கஞ்சிக்குள் கால் வைப்பதாகும். இரண்டடியில் நிறுத்தி, அகலப் பலகை போட்டு, அந்தக் காய்ந்த களியின்மேல் உட்கார வை என்று சண்டை போட்டேன். ஜெயித்தேன்.

கால்கள் கீழே அழுத்துகிற சங்கதி. மேலே இழுக்கிற சங்கதி வேறு. காற்றில் கோபுரம் சாயாமல் இருக்க உச்சியிலிருந்து நாலு பக்கமும் கம்பிவடம் இறங்கும். ஒவ்வொரு வடத்தின் நுனியும் மண்ணுக்குள் குறுக்காகப் படுத்திருக்கும் ஒரு மரக்கட்டையில் கட்டியிருக்கும். அந்தக் கட்டை எத்தனை ஆழத்தில் என்பதுதான் கேள்வி. நீ மரவள்ளி பிடுங்கியிருப்பாய். ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் எல்லாரும் அதைப் பிடுங்கித் தின்றுதான் பிழைத்தோம். கிழங்கு மேலாக இருந்தால், இழுக்கும்போது சுற்றியுள்ள மண் தட்டுபோல் வெடித்துக்கொண்டு கூடவே எழும்பும். கட்டையும் அப்படித்தான். ஆழம் கூடக்கூட அது தூக்க வேண்டிய மண்ணும் கூடும், பிடியும் கூடும். ஆனால் எவ்வளவு தூரம்? ஓர் அளவுக்குமேல் போனால் கட்டை மேல்மண்ணைத் தூக்குவதில்லை. தன்னைச் சுற்றியுள்ள மண்ணை மட்டும் பிசைந்துகொண்டு நகரும். மேலே நிற்கிறவனுக்கு ஒரு கீறல்கூடத் தெரியாது. அதற்குப்பின் ஆழம் கூட்டியும் பயன் இல்லை. இங்கேயோ ஆறடிக்குக் கீழே கஞ்சி, அங்கே இறக்கினால் இருக்கிற பிடியும் போகும். ஐந்தடி என்று எழுதினேன். இன்றைக்குக் கேட்டாலும் ஐந்தடிதான்.

குழி வெட்ட எஸ்டேட் ஆட்களைக் கொடுத்தார்கள், உன் தாத்தாவின் ஆட்கள். நான் பஸ் பிடித்துப் போய் டேப்பை இறக்கி அளந்தேன். நாலு குழியும் ஐந்தடி, சுவர் செங்குத்து, மூலை சதுரம். "ஆழம் குறையக் கூடாது மாமா, மத்ததெல்லாம் நீங்க பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். அவர் பார்த்துக்கொண்டார். ரப்பர் கன்றுக்கு எப்படிப் பார்ப்பாரோ அப்படி. குழியைக் கொஞ்ச நாள் திறந்துபோட்டு ஆறவிட்டார். கட்டையை இறக்கியதும், வெட்டிப் போட்ட களியைத் தள்ளிவிட்டு, பொலபொலவென்ற மேல்மண்ணைச் சலித்ததுபோல் உதிர்த்து நிரப்பச் சொன்னார். மேலே லாலான் புல்லைப் பரப்பி ஈரம் காத்தார். ஆட்களில் ஒருவன் ஏறி மிதிக்கப் போனபோது, "டேய், இறங்குடா, உன் வீட்டுக் களமா அது?" என்று விரட்டியிருக்கிறார். நட்ட குழியை மிதிக்கக் கூடாது என்பது அவர் உடம்பில் ஊறிய விஷயம். அவர் வாழ்நாளில் குழி என்றால் அதில் வேர் போகும். கட்டைக்கு வேர் இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

கடல் பக்கமிருந்து வரும் சூறையான சுமத்ராக் காற்று அடித்த ஒரு காலையில் ஆபீசுக்கு ஆள் வந்தது. கோபுரம் விழுந்துவிட்டது. மேலே காவலுக்கு இருந்தவன் சுங்கை புரோங் நெல்லுக்காரர் ஒருவரின் மகன், மலாய்ப் பையன். இடுப்பு முறிந்துவிட்டது. அதைவிடப் பெரிதாக அவர்களுக்குப் பட்டது வேறு. அவன் கையிலிருந்த துப்பாக்கி முள்கம்பிக்கு வெளியே போய் விழுந்தது. வெளிச்சம் வந்து தேடினால் அங்கே இல்லை. காட்டிலிருந்த எவனோ எடுத்துக்கொண்டு போய்விட்டான். துப்பாக்கி போன பிறகு அது விபத்து இல்லை, சதி.

நான் போய் மண்ணைப் பார்த்தேன். கால்கள் நான்கும் ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை. காற்றுப் பக்கத்துக் கட்டை இரண்டும் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. ஆழம் போதாமல் பிடுங்கியிருந்தால் சுற்றிலும் வட்டமாக மண் வெடித்திருக்கும். அப்படி ஒரு கீறல் இல்லை. குழியின் சதுரம் மட்டும், பெட்டிக்குள்ளிருந்து எடுத்ததுபோல், தளர்ந்த மண்ணாக மேலே வந்திருந்தது. ஒரு பிடி அள்ளினேன். தேயிலைத் தூள் மாதிரி விரலிடுக்கில் ஓடிற்று. பார்த்ததும் புரிந்துவிட்டது. சந்தோஷமாகக்கூட இருந்தது எனக்கு. என் ஐந்தடி தப்பு இல்லை.

விசாரணை எஸ்டேட் ஆபீசிலேயே நடந்தது. போலீஸ் அதிகாரி ஒருவர், ஓரத்தில் மொழிபெயர்க்க எஸ்டேட்டின் தலைமைக் கணக்கர் பெரிய கிராணி, என் மேலதிகாரி. முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியும், மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. ஐந்தடி போதுமா என்று போலீஸ் அதிகாரி கேட்டார். தாராளமாகப் போதும் என்றேன். கட்டை, களி, பிடி எல்லாவற்றையும் கரும்பலகை இருந்தால் வரைந்து காட்டியிருப்பேன், அவ்வளவு உற்சாகம். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியானால் ஏன் பிடுங்கியது?" என்றார். மண் இறுக்கப்படவில்லை என்றேன். நிரப்பியது யார் என்றார். மண்டோரின் ஆட்கள். "இறுக்காவிட்டால் பிடுங்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்குமா?" திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்கிறானே என்று எனக்கு எரிச்சல். "இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்" என்றேன். அதை மட்டும்தான் அவர் எழுதிக்கொண்டார்.

அடுத்தது உன் தாத்தா. தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். மண்ணை மிதிக்க வேண்டாம் என்று சொன்னாயா என்று கிராணி கேட்டார். "ஆமாங்க கிராணியார், நான்தான் சொன்னேன்." யாராவது அப்படிச் சொல்லச் சொன்னார்களா? அவருக்கு அது அவமானமாக இருந்தது. "எனக்கு யாருங்க சொல்லணும்? இந்த எஸ்டேட்டுல பாதிக் காடு என் குழியில நின்னதுதானே." கிராணி அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார். நான் குறுக்கே புகுந்து, அவர் கன்று நடுகிற பழக்கத்தில் செய்தது என்று கத்தினேன். அதிகாரி என்னைப் பார்த்து அமைதியாகச் சொன்னார்: "சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்று சற்றுமுன் நீதான் சொன்னாய்." அன்று சாயங்காலம் அவரை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

எமர்ஜென்சிச் சட்டத்தில் கோர்ட்டு கிடையாது, வக்கீல் வைத்து வாதாட வழி கிடையாது. பிடித்து வைப்பார்கள், பிறகு இந்தியாவுக்கு அனுப்புவார்கள். தடுப்பு முகாமில் அவரைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். என்மேல் கோபம் இருக்கும் என்று நினைத்துப் போனேன். அவருக்கு இருந்தது சந்தேகம். "மாப்ளே, ஒண்ணு கேக்குறேன், சிரிக்காதே. மண்ணை இடிச்சு இறுக்கிட்டா மழைத்தண்ணி எப்படி உள்ள போகும்?" தண்ணீர் போக வேண்டாம் மாமா, கட்டைதானே என்றேன். "அப்ப கட்டை அழுகாதா?" அழுகும்தான், பத்து வருஷம் கழித்து என்றேன். "பாத்தியா" என்றார், ஏதோ ஜெயித்தவர் மாதிரி. பிறகு குரலை இறக்கி, "துப்பாக்கி எடுத்தவன் யாருன்னு எனக்குத் தெரியாது மாப்ளே. அதையாவது அவங்ககிட்ட சொல்லு. நீ இங்கிலீசு நல்லா பேசுறே" என்றார்.

கோபுரத்தைத் திரும்பக் கட்ட உத்தரவு வந்தது. புதிய படம் நான்தான் வரைய வேண்டும். அப்போது பெரிய கிராணி சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். நல்லவர் என்று சொல்ல மாட்டேன், குற்ற உணர்ச்சி உள்ளவர். "தம்பி, பெட்டிஷன் ஒண்ணு எழுதுவோம் லா. புதுப் படத்துல கட்டை ஆழத்தை ஏழுன்னு போட்டுடுங்க. அஞ்சு பத்தலை, அதான் கூட்டிட்டாங்கன்னு அர்த்தம் ஆயிடும். மண்டோர் மேல தப்பு இல்லைன்னு நான் எழுதிக்கிறேன்." நான் முடியாது என்றேன். ஏழடியில் கஞ்சி இருக்கிறது, அங்கே கட்டை வைத்தால் நல்லதும் ஆகாது, குழியில் தண்ணீர் ஊறி மண்ணை இடிக்கவும் முடியாது என்று அவருக்கும் பாடம் எடுத்தேன். உன்னைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த உன் அம்மா உள்ளேயிருந்து வந்தாள்.

"கட்டைக்கு அஞ்சடி போதும், சரி. எங்கப்பாவுக்கு எத்தனை அடிங்க போதும்?" என்றாள்.

நான் பொய் எழுத மாட்டேன் என்றேன். "பொய்யா? பந்தக்காலை ஆட்டிப் பாத்த அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. உங்களுக்கு நீங்க சொன்னது சரியா இருந்தாப் போதும். அது யார் தலையில விழுந்தா என்ன?" கிராணி சைக்கிளை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டார். அவள் அதற்குமேல் அழவும் இல்லை, பேசவும் இல்லை. மறுநாள் சோறு போட்டாள், அதற்கடுத்த நாளும் போட்டாள். வீட்டில் உன் சத்தம் மட்டும்தான் கேட்டது. அந்த மௌனத்தில் நான் எவ்வளவு நாள் தாக்குப்பிடித்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. நீண்ட நாள்.

கடைசியில் ஏழு என்று போட்டேன். மேலதிகாரி படத்தைப் பார்த்துவிட்டு, ஏன் ஏழு என்றார். ஐந்து போதவில்லை என்றேன். "விசாரணையில் தாராளமாகப் போதும் என்றாயே." அப்போது தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே தொழில் பொய் அதுதான். அவர் பேனாவை மூடி வைத்தார். கால்களை எட்டடி இறக்கச் சொன்னபோது எல்லார் முன்னாலும் நான் அவரை மட்டம் தட்டியது அவருக்கு நினைவிருந்தது. படத்துக்குக் கையெழுத்துப் போட்டார். கூடவே என்னை வேலையிலிருந்து நிறுத்திவைக்கும் உத்தரவிலும் போட்டார். தவறான அளவு கொடுத்து, விசாரணையில் தவறான சாட்சி சொன்னதற்காக. முடிவு தெரியும்வரை நான் சிலாங்கூரை விட்டு வெளியே போகக் கூடாது.

கிராணி எழுதிய பெட்டிஷனுக்குப் பதில் வந்தது. ஆழம் குறைவாக இருந்திருக்கலாம், ஆனால் மண்ணைத் தளர்வாக விட்டதை மண்டோர் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார், உத்தரவில் மாற்றம் இல்லை. அவ்வளவுதான். முதல் நாள், அந்த அறையில், அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால், ஏழு என்று நான் சொல்லியிருந்தால் அவரை உள்ளே கூப்பிட்டே இருக்க மாட்டார்கள். காலம் கடந்து சொன்ன பொய்க்கு உண்மையின் பலனும் இல்லை, பொய்யின் பலனும் இல்லை.

அவரைத் தனியாக அனுப்ப உன் அம்மா சம்மதிக்கவில்லை. பெண்சாதி செத்துப்போன மனுஷன், வேறு பிள்ளை இல்லை, இறங்கியதும் எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாதவர். கூடப் போக அனுமதி கேட்டாள், உடனே கொடுத்தார்கள். அனுப்புவதற்கு மட்டும் அவர்களிடம் எப்போதும் காகிதம் தயார். சுவிட்டன்ஹாம் துறைமுகத்தில் உன்னை என் கையில் கொடுத்துவிட்டு மூட்டையைச் சரிசெய்தாள். "நீங்களும் வந்துடுங்க" என்றாள். கேஸ் முடியட்டும் என்றேன். "முடியும், முடியும்" என்றாள், இரண்டாவது தடவை சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. உன்னை வாங்கிக்கொண்டாள். உன் தாத்தா ஏணியில் ஏறும்போது திரும்பி, "மாப்ளே, வடக்குக் காட்டுல புதுக் கன்னு வச்சிருக்கேன், ஒரு நடை போய்ப் பாரு. யாரையும் மிதிக்க விடாதே" என்றார்.

முந்தாநாள் போனேன். அதே நாளில், கோபுரம் கட்ட வந்த புதிய ஆட்கள் ஏழடிக் குழியில் ஊறிய தண்ணீரை இறைத்து இறைத்துக் களைத்துப்போய், ஒரு கட்டையைச் சோதித்துப் பார்த்தார்கள். லோரியில் வடத்தைக் கட்டி இழுத்தார்கள். கட்டை தடங்கலே இல்லாமல், மாவிலிருந்து கத்தி வருவதுபோல் மெதுவாக வந்துகொண்டே இருந்தது. மேல்மண்ணில் ஒரு கீறல் இல்லை. பிறகு எனக்குப் பதிலாக வந்த பையன், அவனும் என் பள்ளியில் படித்தவன்தான், வேறு ஒரு குழியில் ஐந்தடியில் வைத்து, களியை அடுக்கடுக்காக இடித்து இறுக்கி இழுக்கச் சொன்னான். லோரியின் சக்கரம் சுழன்றது. கட்டை வரவில்லை. மண்ணில் மெல்ல ஒரு வட்டக் கீறல் மட்டும் தெரிந்தது, அத்தோடு லோரி நின்றுவிட்டது. அவன் படத்தில் ஏழை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினான். "அண்ணே, நீங்க முதல்ல போட்டதே சரிதானே, ஏன் மாத்துனீங்க?" என்றான். போடா உன் வேலையைப் பார் என்றேன்.

அங்கிருந்து வடக்குக் காட்டுக்கு நடந்தேன். உன் தாத்தா கடைசியாக வைத்த கன்றுகள் வரிசையாக நின்றன. ஒன்றுகூட வாடவில்லை, எல்லாவற்றிலும் புதுக் கொழுந்து. மண் பொலபொலவென்று, கைபடாமல் இருந்தது. இதை எந்த அதிகாரியும் வந்து எழுதிக்கொள்ளவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

உனக்குப் புத்தி சொல்லத்தான் இந்தக் கடிதம் என்று உன் அம்மா நினைப்பாள். சொல்கிறேன். வேலையில் அளவை மாற்றாதே. ஐந்து என்றால் ஐந்து, எதிரில் யார் உட்கார்ந்திருந்தாலும். அதன்மேல் போடுகிற மண்ணையும் இருந்து பார்த்துவிட்டு வா, பஸ்ஸுக்கு ஓடாதே. ஆனால் ஒரு மனுஷனைத் தூக்கிக்கொண்டு போக லோரி வாசலில் நின்றால், அது மண்ணைப் பற்றிய கேள்வி இல்லை என்று அந்த நிமிஷமே புரிந்துகொள். எனக்குப் புரிய ஒரு கப்பல் போக வேண்டியிருந்தது. இதைப் படித்துவிட்டு, வாழ்க்கையில் வேர் ஆழமாக இருக்க வேண்டும் என்று அப்பா சொல்கிறார் என யாரிடமும் சொல்லித் திரியாதே. எனக்கு அந்த மாதிரிப் பேச்சு ஆகாது. நான் கட்டையைப் பற்றித்தான் சொன்னேன். உன் தாத்தாவைப் பற்றியும்.

கேஸ் முடிந்தால் வருவேன். எப்போது முடியும் என்று தெரியாது. இப்போது அவர்கள் கையில் இரண்டு விதமான சாட்சியம் இருக்கிறது, இரண்டும் என் வாயிலிருந்து வந்தவை. ஒருவேளை நீ இதைப் படிக்கும் நாளிலும் நான் வந்திருக்காவிட்டால், உன் தாத்தா உயிரோடு இருந்தால், அவரிடம் போய் இதைச் சொல்: கன்றெல்லாம் பிடித்துவிட்டது, யாரும் மிதிக்கவில்லை. உன் அம்மாவிடம் இதைச் சொல்: கட்டைக்கு ஐந்தடி போதும், ஆனாலும் அன்றைக்கு ஏழு என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

உன் அப்பா